யார் இடுப்பில்

ரீகாவில் மாலை ஆறு மணி. வெளியே சேறான பனி.
நிதியமைச்சர் தொண்டையைச் செருமுகிறார்.
திரையின் வலது மூலையில்
ஒரு ஜன்னலளவு இடத்தில்
கறுப்புச் சட்டையோடு நிற்கிறாள் விஸ்மா.
செவி கேளாதவர்களுக்கு
அவள் கைகள்தாம் அரசாங்கம்.

நாடு ஒரு நோயாளி, என்கிறார்.
கைகள் நோயாளியைப் படுக்க வைத்தாக வேண்டும்.
காற்றில் ஒரு கட்டில் போட்டாள்.
ரத்தப்போக்கு நிற்கவில்லை, என்கிறார்.
எங்கிருந்து?
வாய்க்கு அந்தக் கவலை கிடையாது.
கைக்கு உண்டு:
காயத்தை எங்காவது வைக்காமல்
ரத்தத்தைக் காட்ட முடியாது.
தன் விலாவில் வைத்துக்கொண்டாள்.

கசப்பு மருந்து:
தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டாள்.
கொழுப்பைக் கரைப்போம்:
எலும்பான தன் இடுப்பைக் கிள்ளினாள்.
எல்லோரும் வாரை இறுக்குவோம்:
இல்லாத வாரை மூன்று துளை
உள்ளே இழுத்தாள்.
(இரண்டடி தள்ளி நிற்பவளுக்குத் தெரியும்,
கோட்டுக்குள் அமைச்சர்
தோள்பட்டி போட்டிருக்கிறார்.)

வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது,
மீன் புகை வாசனையோடு.

"மூலையில் நிற்பவளே,
கடலோரத்தில் ஸ்ப்ராட் மீனை
டப்பாவில் அடுக்குபவள் நான்.
தலைக்கு வால், வாலுக்குத் தலை. இருபது வருடம்.
எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடிய பிறகு
சிறுநீரகத்தைக் கழுவ வாரம் மூன்று நாள்
அறுபத்திரண்டு கிலோமீட்டர் பேருந்தில் போகிறேன்.
நேற்று உன் இடுப்பில் வாரைப் பார்த்தேன்.
அதன் மறுமுனை யார் கையில் என்று
நீ காட்டவில்லை.
பேசுகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.
நாம் விட்டால் வாக்கியம் பிழை.
ஸ்கைட்ரீதெ.

நோயாளி என்று நீ காட்டியதும்
என்னைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.
கட்டில்கூடப் போட்டாயே."

டிராமில் நின்றபடி இருமுறை படித்தாள்.
இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

மறுவாரம் அமைச்சர் சிரித்த முகமாய் வந்தார்.
நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார், என்றார்.
இறுக்கியது வீண்போகவில்லை,
இன்னும் ஒரே ஒரு துளை, என்றார்.

விஸ்மா ஒரு சொல்லையும் கூட்டவில்லை,
ஒன்றையும் குறைக்கவில்லை.
திசையை மட்டும் மாற்றினாள்.
வளையத்தைக் கேமரா பக்கம் போட்டாள்,
நம் எல்லோர் வயிற்றையும் சுற்றி.
முனையை இடது பக்கம் நீட்டினாள்,
அவர் நிற்கும் பக்கம்.
பிறகு இழுத்தாள்.
எழுந்து உட்கார்ந்தவரைக் காட்டியபோது
கட்டிலையும் மடித்து
அவரிடமே கொடுத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு அமைச்சகத்திலிருந்து அழைப்பு.
கைகள் நடுநிலை தவறிவிட்டனவாம்.
எந்தச் சொல்லில் என்று கேட்டார் நிலைய இயக்குநர்.
சொல்லில் இல்லை, என்றார்கள்.

வயிற்றைக் கட்டு என்பவன்
யார் வயிறு என்று சொல்ல வேண்டியதில்லை,
நான் எழுதும் தமிழிலும்.
கைவைத்தான் என்றால் குறைத்தான்.
கைவிரித்தான் என்றால் இல்லையென்றான்.
கைகழுவினான் என்றால் போய்விட்டான்.
இத்தனை கைகளில்
ஒன்றையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

விஸ்மாவை வேலையை விட்டு எடுக்கவில்லை.
ஜன்னலைத்தான் சுருக்கினார்கள்,
தபால்தலை அளவுக்கு.
சிக்கனம், என்றார்கள்.

அறுபத்திரண்டு கிலோமீட்டர் திரும்பி வந்து
ஊசி குத்திய கையால்
நாற்காலியை இழுத்துப் போடுகிறாள் ஸ்கைட்ரீதெ,
திரையில் மூக்கு முட்டும் வரை.
அவள் மூச்சில் கண்ணாடி மங்குகிறது.
சட்டைக் கையால் துடைக்கிறாள்,
வலது மூலையை மட்டும்.